தாளம் சித்த நேரம் காத்திருக்கோணும்

பாத்துங்க தம்பி, கால இந்தப் பக்கம் வெச்சுக்குங்க. இது ஒண்ணும் வெடிக்கற சாமானில்லீங்க, கம்ப்யூட்டர் பொட்டி. சி.பி.யூ. போர்வையில சுத்தியிருக்கறதப் பாத்துட்டுக் கண்டக்டரு கோழியா நாய்க்குட்டியான்னு கேக்கறாரு. மேல வைங்கங்கறாரு. மேல வெச்சு, இவரு பெருந்துறை தாண்டி ஒரு பிரேக்கப் போட்டா யாருங்க பதில் சொல்றது? அதான் மடியிலயே வெச்சுக்கிட்டேன். ஓசூரு வரைக்கும் இப்படித்தான். கால் மரத்துப்போனா மரத்துப்போவுது.

நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சுங்க. ஒட்டுக் கேக்கல, நீங்கதான் சத்தமாப் பேசுனீங்க. சாஃப்ட்வேருங்களா? பேங்குக்குப் பண்றதா? எதுக்குப் பண்ணா என்னங்க, சாஃப்ட்வேரு சாஃப்ட்வேருதானுங்களே. நான் மோட்டாரு பம்பு கம்பெனியில இருந்தவன். கிணத்துக்கும் பம்புதான், மாடித் தொட்டிக்கும் பம்புதான். ஒண்ணு தெரிஞ்சா எல்லாம் தெரியும். உங்காளுங்களுக்குள்ள பழக்கம் இருக்குமில்லீங்களா? நான் சொல்றத அந்த டிரம்ஸ் சாஃப்ட்வேர் பண்றவங்க காதுல ஒருக்காப் போட்டு வெச்சீங்கன்னா போதும். குறை சொல்லலீங்க. தேவையச் சொல்றேன்.

டிரம்ஸ் சாஃப்ட்வேருன்னா தெரியுமுங்களா? தெரியாதா? சரி. வீட்டுலயே பாட்டு ரெக்கார்டிங் பண்றவங்களுக்கு அது. கொட்டடிக்க ஆள் வேண்டாம். திரையில கட்டங் கட்டமா இருக்கும், கோலத்துக்குப் புள்ளி வெக்கறாப்புல நம்ம புள்ளி வெச்சுட்டே போனா, அது டும் டும்னு வாசிச்சுட்டே போவும். நிக்காது. களைச்சுப் போவாது. ஒரு நூலு முன்ன பின்ன ஆவாது. எனக்கு அதப் பாத்ததுமே புடிச்சுப் போச்சுங்க. நான் கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன். பம்பு ஷாஃப்ட்ட எடுத்து அளவு பாக்கற கேஜுக்குள்ள விடுவேன். போச்சுன்னா பாஸ், போவலீன்னா ரிஜெக்ட். கண்டிப்பான ஆளுன்னு பேரு. என்னயக் கண்டா லேத்து ஓட்டற பசங்க டீயக் கீழ வெச்சுருவாங்க.

ரிட்டயர் ஆனதும் சும்மா உக்கார முடியலீங்க. அப்பத்தான் இந்த யோசனை வந்துச்சு. எங்க வீட்டுக்காரி சுலோச்சனா கும்மிப் பாட்டுப் பாடுவாளுங்க. வடவள்ளிப் பக்கம் கோயில் நோம்பின்னா அவதான் முன்னால நின்னு பாட்டெடுக்கறது. சாமி பாட்டு மட்டுமில்ல, அவளாவே கட்டுவா. லாரித் தண்ணி வந்தா அதுக்கொரு பாட்டு, கரண்டு போனா அதுக்கொண்ணு. "கொடத்த வெச்சு எடம்புடிச்சா கோகிலாக்கா, அவ கொழாயடியில் வாய்தொறந்தா தெருவடங்கும்"னு ஒண்ணு. அந்தக் கோகிலாக்காவே கும்மியில நின்னு சிரிச்சுட்டுக் கை தட்டும். இதையெல்லாம் முறையாப் பதிவு பண்ணி, கொட்டு வெச்சு, நாலு பேரு கேக்கறாப்புல பண்ணோணும்னு ஆசைப்பட்டேன். அவளுக்காகத்தானுங்க. எனக்கென்ன, எனக்குப் பாடத் தெரியுமா?

மொதல் தேவை என்னன்னா, அதுல நம்மூருக் கொட்டே இல்லீங்க. எல்லாம் வெள்ளைக்காரன் டிரம்ஸு. தடால் புடால்னு தகரக் கொட்டாயில கல்லு விழுந்தாப்புல இருக்குது. பம்பை இல்ல, துடும்பு இல்ல, தப்பட்டை இல்ல. நான் என்ன பண்ணேன், எங்க வீட்டு அண்டாவக் கவுத்துப் போட்டு, மேல நனைஞ்ச துண்டப் போட்டு, மத்தால அடிச்சு ரெக்கார்டு பண்ணி உள்ள ஏத்துனேன். துடும்பு சத்தம் வந்துச்சுங்க! அசலா வந்துச்சு. சுலோச்சனா அடுப்படியில இருந்து வந்து பாத்துட்டு, "சீர் வந்த அண்டாவ நசுக்கிப் போட்டீங்களே"ன்னு சிரிச்சா. அன்னைக்கு நொம்ப சிரிச்சாளுங்க. சிரிச்சுச் சிரிச்சுச் செவுத்தப் புடிச்சுட்டு நின்னா.

ரெக்கார்டிங்க பெட்ரூம்லதான் வெச்சேன். ஜன்னலுக்கு மெத்தையச் சாத்தி, கதவிடுக்குல பழைய சேலையத் திணிச்சு, ஃபேன நிறுத்திப்போடுவேன். ஃபேனு ஓடுனா மைக்குல உர்ருனு விழுகுங்க. சித்திரை மாசம் வேற. அவளுக்கு வேர்த்து ஊத்தும். ஃபேன் சத்தத்தை மட்டும் தனியா எடுத்துப்போடற மாதிரி அப்பவே நல்லதா ஒண்ணு இருந்திருந்தா அவளும் காத்து வாங்கிட்டே பாடியிருப்பா. இதையும் சொல்லுங்க அவங்க கிட்ட. உக்காந்து பாடறேன்னு சொல்லுவா. உக்காந்தா வயித்துல இருந்து குரல் வராதுன்னு எங்கயோ படிச்சிருந்தேன். நின்னுதான் பாடோணும்னு சொல்லிப்போட்டேன்.

காதுல ஹெட்போன மாட்டிவிட்டு டிக் டிக்னு தாளத்தப் போட்டுவிட்டா, அதுக்குச் சரியா அவ பாடோணும். இதுதான் மொறை. உலகம் பூரா அப்படித்தானுங்க பண்றாங்க. ஆனா சுலோச்சனா லேட்டு. எடுத்ததுமே சரியா எடுப்பா, ரெண்டாவது அடியில லேட்டு. அடி முடிஞ்சு அடுத்த அடிக்கு வர்றதுக்குள்ள தாளம் முன்னால போயிருக்கும், இவ பின்னால ஓடிப் புடிப்பா. பஸ்சுக்குப் பின்னால ஓடறாப்புல. நான் நிறுத்துவேன். மறுபடி மொதல்ல இருந்து. மறுபடி லேட்டு.

ஏன்னு எனக்குத் தெரியுமுங்க. கும்மியில அவளைக் கெடுத்து வெச்சிருந்தாங்க. அங்க என்ன வழக்கம்னா, இவ ஒரு அடி பாடுவா, சுத்தி நிக்கற பொம்பளைங்க அதையே திருப்பிப் பாடுவாங்க. அந்த நேரத்துல இவ சும்மா நின்னுக்கலாம். மறுபடி எடுக்கச் சித்த நேரமானாலும், கொட்டுக்காரரு இவ மூஞ்சியவே பாத்துட்டு உருட்டிட்டு இருப்பாரு, இவ வாயத் தொறந்தாத்தான் அடுத்த அடி அடிப்பாரு. இது தாளமாங்க? பாடறவ இஷ்டத்துக்குக் கொட்டு போறதா? வீட்டுல கூட்டம் ஏது? திருப்பிப் பாடறதையும் அவளையே பாட வெச்சேன். விடாம, ஒரே மூச்சுல. நல்ல பழக்கமாவட்டும்னுதான்.

அவ ஒருக்காச் சொன்னா. "நான் கொட்டில்லாம என்ற போக்குல பாடிர்றேனுங்க. நீங்க அப்பறமா அதுக்குத் தக்கனக் கொட்டு வெச்சுக்குங்க"ன்னு. எனக்குக் கோவம் வந்துருச்சு. வீடு கட்டிப்போட்டு அப்பறமா அஸ்திவாரம் தோண்டுவாங்களா புள்ளன்னு கேட்டேன். அதுக்கப்பறம் அதப் பத்தி அவ பேசலீங்க.

அந்த சாஃப்ட்வேர்ல, ரேடியோவுக்கு இருக்கறாப்புல ஒரு திருகு இருக்குதுங்க. அதத் திருகுனா கொட்டு மனுசன் அடிக்கறாப்புல ஆயிருமாம். என்னதான் பண்ணுதுன்னு பாத்தா, அடிகளக் கண்டபடி முன்ன பின்ன தள்ளுது. ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்தி, ஒரு மொறையும் இல்ல. இதையும் எழுதிக்குங்க தம்பி. மனுசன் அப்படிக் கண்டபடியாங்க லேட்டாவான்? ஒருத்தரு லேட்டாவறாங்கன்னா அதுக்கொரு காரணம் இருக்கோணுமில்ல? அந்தக் காரணத்தத் தெரிஞ்சுக்கிட்டு அதுக்குத் தக்கனத் தள்ளற மாதிரி பண்ணச் சொல்லுங்க. அதுதான் அறிவுள்ள சாஃப்ட்வேரு.

சேலம் தாண்டியாச்சுங்களா? தண்ணி வேண்டாமுங்க, பொட்டி மேல சிந்திருச்சுன்னா போச்சு.

அப்பறமுங்க, அவளத் திருத்த முடியலீன்னு, பாட்டத் திருத்தக் கத்துக்கிட்டேன். அது பெரிய வேலை. அவ பாடுனது திரையில அலையலையாத் தெரியும். லேட்டான எடத்துல வெட்டி, புடிச்சு இழுத்து, தாளத்து மேல கொண்டாந்து வெச்சுருவேன். வெட்டி வெட்டி வெக்கறப்ப நடுவுல மூச்சுச் சத்தம் கெடக்கும். புஸ்சு புஸ்சுனு. அதை எடுத்துப்போடுவேன். சுத்தமா இருக்கோணுமில்ல? பாட்டுக்குப் பாட்டு அந்த மூச்சு நீளமாயிட்டே வந்துச்சுங்க. மொதப் பாட்டுல திரையில ஒரு அரிசி அகலம் இருந்தது, அப்பறம் வெரல் அகலமாச்சு. நான் அதுக்கும் சளைக்கல. எல்லாத்தையும் வெட்டுனேன்.

கேட்டீங்கன்னா அசந்து போவீங்க. கடையில வாங்குன பாட்டாட்டவே இருக்கும். சொந்தக்காரங்க குரூப்புல போட்டேன், எல்லாரும் கும்பிடு பொம்மை போட்டாங்க. கோகிலாக்கா மட்டும், "பாட்டு நல்லாத்தான் இருக்குது, சுலோச்சனா எங்கே?"ன்னு கேட்டுது. அதுக்குக் காது சரியில்லீங்க.

ஆடி மாசம் கால் வீங்குச்சு. தலைக்கு ரெண்டு மூணு தலகாணி வெச்சுத்தான் படுப்பா. சமையக்கட்டுல இருந்து ஹாலுக்கு வர்றதுக்குள்ள நாற்காலியப் புடிச்சுக்குவா. எடை போட்டுருச்சு, நடக்கோணும்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப டாக்டரம்மா கேட்டாங்க, எவ்வளவு நாளா மூச்சு வாங்குதுன்னு. இவ, "இப்பத்தானுங்க"ன்னா. நான் சொன்னேன், "மூச்சு வாங்கறது எனக்குத் தெரியாதுங்க மேடம், ஆனா மூணாவது பாட்டுல இருந்து நொம்ப லேட்டாவறா. எவ்வளவுன்னு வேணும்னா காட்டறேன், பாட்டு வாரியா அளந்து நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன்"ன்னு. அவங்களுக்குப் பாட்டு சமாச்சாரம் புரியலையாட்டம் இருக்குது. என்னயவே பாத்துட்டு இருந்தாங்க. நர்சம்மாவும் பாத்துச்சு. இதயத்துல ஒரு வால்வு சரியில்லைன்னாங்க. வால்வு எனக்குத் தெரியாததுங்களா? ஆயுசெல்லாம் பம்பு பாத்தவன். ஆப்பரேஷன்னாங்க. ஆப்பரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தாங்க, அதுக்குள்ள போயிட்டாளுங்க.

எனக்கு அவ இல்லாம முடியலீங்க தம்பி. வெளிய சொல்றதில்ல. வீட்டுக்குள்ள காலடி வெச்சா ஃபேனுதான் ஓடுது. இப்பெல்லாம் எல்லா ரூம்லயும் ஃபேன ஓட விட்டிருக்கறேன். நிறுத்துனா என்னவோ பண்ணுது.

கண்ணத் தொடச்சுக்கறேன், ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.

எங்களுக்கு ஒரே புள்ளைங்க. பிரதீபா. ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கறேன், மாப்பிள்ளை கம்பெனி வேலைதான், தங்கமான பையன். காரியமெல்லாம் முடிஞ்சு ஊருக்குப் போனவ, போன்ல கேட்டா, "அப்பா, அம்மா பாடுனதெல்லாம் அனுப்புங்க, அம்மா கொரலக் கேக்கோணும்"னு. எனக்கு எவ்வளவு சந்தோசம். இதுக்குத்தான பாடுபட்டோம்னு எல்லாப் பாட்டையும் அனுப்புனேன். ரெண்டு நாளா ஒண்ணும் பேச்சில்ல. நானே கூப்புட்டேன். எப்படி இருக்குது கண்ணுன்னேன். அவ சொல்றா: "இது அம்மா இல்லீங்கப்பா. இதுல அம்மா மூச்சே விடலீங்க."

சொல்லிப்போட்டு அழுதுட்டே வெச்சுட்டா. அதுக்கப்பறம் என்ற போன எடுக்கறதில்லீங்க. மாப்பிள்ளைதான் எடுக்கறாரு. "தூங்கறாங்க மாமா", "குளிக்கறாங்க மாமா." ஒரு மனுசி எந்நேரமும் தூங்கிட்டுங் குளிச்சுட்டுமா இருப்பா? வருச திதி வருது. வரச் சொன்னதுக்கு, பாக்கலாம் மாமாங்கறாரு. பெத்தவ திதிக்குப் பாக்கலாமாங்க?

புள்ளை கேட்டதுல ஒண்ணும் தப்பில்ல. மூச்சு வேணுங்கறா, அவ்வளவுதான. ஆனா குடுக்க முடியலீங்க. ஏன்னு சொல்றேன். அந்த சாஃப்ட்வேர்ல நம்ம வெட்டுனது உடனே போயிறாது. ஜாக்கெட்டுல உள்ள மடிச்சுத் தைப்பாங்கள்ல, அந்தாட்ட மறைஞ்சு உள்ளயே இருக்கும். ஓரத்தப் புடிச்சு இழுத்தா திரும்ப வரும். ஆனா வேண்டாததச் சுத்தம் பண்றதுக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கறாங்க. அத அழுத்துனா மறைஞ்சு கெடக்கறது பூராவும் அழிஞ்சே போயிரும். நான் ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் அத அழுத்திருவேன். எனக்குச் சின்ன வயசுலருந்தே அது பழக்கம். வேலை முடிஞ்சா மேசையத் தொடச்சு, இரும்புத் துருவலக் கூட்டி அள்ளிப்போடோணும். அது ஒருக்காக் கேட்டுதுங்க, நிச்சயமான்னு. இங்கிலீசுல. ஒரே ஒருக்கா. இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒருக்காக் கேட்டாப் போதுமா? நாலு தடவ கேக்கோணும். உள்ள என்ன கெடக்குதுன்னு போட்டுக் காட்டோணும். இதத் தூக்கிப் போடற, இதுல யாரு மூச்சு இருக்குதுன்னு தெரியுமான்னு கேக்கோணும். இத நீங்க அழுத்திச் சொல்லோணும் தம்பி.

நான் அவங்களுக்கே எழுதிப் பாத்தேன். இன்டர்நெட்டுல அதுக்குன்னு எடம் இருக்குது, என்னென்ன வேணும்னு ஆளாளுக்கு எழுதுவாங்க. என்ற கோரிக்கைய எழுதுனேன். பாடறவ நின்னா தாளமும் சித்த நேரம் காத்திருக்கோணும், அவ எடுத்ததும் எடுக்கோணும், அப்படி ஒண்ணு பண்ணிக் குடுங்கன்னு. எந்த நாட்டுக்காரனோ ஒருத்தன் பதில் போட்டிருந்தான். அதுக்குப் புதுசா ஒண்ணும் வேண்டாமாம். தாளமில்லாம அவங்கள மொதல்ல பாட விடு, அப்பறம் அவங்க போக்குக்குத் தக்கன நீ கொட்ட வெச்சுக்க, அது எப்பவுமே அதுல இருக்குதுன்னு. படம் போட்டுக் காட்டியிருந்தான். நன்றின்னு போட்டுட்டு மூடிட்டேன். அவனுக்குக் கும்மியப் பத்தி என்னங்க தெரியும்?

என்னங்க, கண்ண மூடிட்டீங்க? தூக்கம் வருதுங்களா? கிருஷ்ணகிரி வந்துருச்சு பாருங்க. முக்கியமானது இன்னும் சொல்லல. இதுக்குத்தான் உங்க பக்கத்துலயே உக்காந்தேன்.

கடைசிப் பாட்டு ஒண்ணு பாதியில நின்னு போச்சுங்க. அது முடியாததால நான் சுத்தம் பண்ணல. போன வாரம் பயந்து பயந்து அதத் தொறந்து, வெட்டுன எடத்துல ஓரத்தப் புடிச்சு இழுத்தேன். வந்துச்சுங்க தம்பி! அவ மூச்சு. பக்கத்துல நிக்கறாப்புல. சேலைய எடுத்து மொகத்தத் தொடைக்கற சத்தம் கூட இருக்குது. வாயத் தொறந்து இழுக்கறா, உள்ள போவ மாட்டேங்குது, மறுபடி இழுக்கறா. அவ நின்னு பாடுன மைக்கக் கும்பிட்டேன். கிறுக்குன்னு நெனப்பீங்க, கும்பிட்டேன். இதக் கேட்டா என்ற புள்ளை பேசுவா. அதான் பொட்டியோட கெளம்பிட்டேன். பென் டிரைவுல எடுக்கறேன்னு ஏதாவது தப்பா அழுத்தி, இதுவும் போச்சுன்னா?

ஒரு சிக்கலுங்க. அந்த மூச்சு எங்கெங்க இருக்குதோ அங்கெல்லாம் மேல நான் பேசறேன். அவ நிறுத்துனதும் நான் ஆரம்பிச்சிருவேன் போல இருக்குது, எனக்கு அப்பத் தெரியல. லேட்டுங்கறேன். மறுபடிங்கறேன். ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணறேன். ஒரு எடத்துல, அதுதான் நல்லாக் கேக்குது, நீளமான மூச்சு, அது மேல சொல்றேன், "மூச்சு மைக்குல விழுகுது புள்ள. அடக்கிட்டுப் பாடு"ன்னு. அவ "சரீங்க"ங்கறா. அடக்கிட்டுப் பாடறா. அந்த அடி மட்டும் தாளத்துக்குச் சரியா இருக்குதுங்க.

இப்ப ஆம்பளைக் கொரலையும் பொம்பளைக் கொரலையும் தனித்தனியாப் பிரிக்கற சாஃப்ட்வேரெல்லாம் வந்துருச்சுங்கறாங்களே, நெசமா? அப்படின்னா என்ற பேச்ச மட்டும் எடுத்துப்போட்டு அவ மூச்ச மட்டும் வெக்க முடியுமுங்களா? உங்க கையில லேப்டாப் இருக்குதுல்ல, ஓசூரு பஸ் ஸ்டாண்டுல சித்த உக்காந்தாக்கூடப் போதும். மூச்சும் "சரீங்க"வும் மட்டும் இருந்தாப் போதுமுங்க. என்ற சத்தம் இல்லாமப் போயிருச்சுன்னா, அவங்கம்மா எதுக்கு அங்க "சரீங்க"ன்னு சொல்றான்னு புள்ளைக்குத் தெரியாதுல்லீங்களா தம்பி?